மண்டையோட்டு மாதிரிகள்: பெயர் சொல்லாமல் கையில் கொடுங்கள்

மனிதன், சிம்பன்சி, ஆண் கொரில்லா மாதிரிகளை வைத்தும் பிள்ளைகள் கோரைப்பல்லைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி என்று எழுதியிருந்தீர்கள். பெயர்ச்சீட்டை எடுத்துவிடுங்கள், டீச்சர்.

மண்டையோட்டைக் கவிழ்த்து, தண்டுவடம் நுழையும் பெருந்துளையிலிருந்து முன்பல்வரையும் பின்மண்டைவரையும் நூல் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். மனிதனுக்குத் துளை ஏறக்குறைய நடுவில் இருக்கும். மற்ற இரண்டுக்கும் நன்றாகப் பின்னால் தள்ளியிருக்கும். காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். நிமிர்ந்து நின்றும் நாலுகாலில் குனிந்தும் பார்க்கட்டும், அவர்களே பிடித்துவிடுவார்கள்.

பல் எண்ண ஐந்து நிமிடம் போதும், மூன்றிலும் 32தான்.

அப்புறம் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டில் விரல் வைத்துப் பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். உள்ளே தசை புடைக்கும். கொரில்லாவின் உச்சியில் நிற்கும் எலும்பு முகடு அதே தசை பற்றிக்கொள்ளும் இடம். அதைத் தடவிப் பார்க்கட்டும். பெயர்களைக் கடைசியில் சொன்னால் போதும்.