20 டிகிரி ஒரு குளிரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நம் ஊர் மார்கழிக் குளிரின் சுகம் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். நான் தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன், பல வருடமாக கனடாவில் எட்மண்டனில் இருக்கிறேன். இங்கே டிசம்பரில் எட்டே முக்காலுக்குப் பிறகுதான் விடியும், நாலேகாலுக்கெல்லாம் பொழுது போய்விடும். ராத்திரி கார் எஞ்சினுக்கு கரண்ட் கொடுத்துச் சூடாக வைக்காவிட்டால் கடுங்குளிரில் காலையில் வண்டி கிளம்பாது. மைனஸ் 30 பார்த்து வளரும் பிள்ளைகள், "20 டிகிரிக்கா குல்லா போடுகிறார்கள்?" என்று சிரிக்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் நான் அனுபவித்தது குளிர்தானா, இல்லை சின்ன வயது என்பதால் எல்லாம் இனித்ததா? தைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். இவர்களுக்கு எதைக் காட்டுவது என்றும் சொல்லுங்கள்.

உங்கள் வாசகன், எட்மண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் வீட்டு ஹீட்டரை எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறீர்கள்? 20, 21, மிஞ்சினால் 22 இருக்கும். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் மார்கழி விடியற்காலை ஏறக்குறைய அதே அளவுதான். அத்தனை கேஸ் எரித்து, கண்ணாடியை இரண்டடுக்காகப் போட்டு, கதவிடுக்கெல்லாம் அடைத்து, நீங்கள் வீட்டுக்குள் உண்டாக்கி வைத்திருப்பது எங்கள் மார்கழி விடியற்காலையைத்தான். எங்களுக்கு அது வாசலில் கிடைக்கிறது. உங்கள் சந்தேகத்துக்கு என் பதில் இதுதான்: நீங்கள் அனுபவித்தது நிஜமான சுகம், வயதின் மயக்கம் கிடையாது. கடுங்குளிர் மனிதரை வீட்டுக்குள் அனுப்புகிறது. நம் காவிரி டெல்டாவின் குளிர் ஆட்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருகிறது, வருடத்தில் ஏதோ இரண்டு மாதம்.

சித்திரை வைகாசியில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போனவர்களுக்குத் தெரியும், செருப்பில்லாத காலோடு அந்தக் கல் தளத்தில் நடக்க முடியாது, நிழலுக்கு நிழல் ஓட வேண்டும். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயிலை நம்மில் பாதிப் பேர் ஓடிக்கொண்டேதான் பார்த்திருக்கிறோம். மார்கழியிலும் தையிலும் அதே கல்லில் நடுப்பகலில் உட்காரலாம், விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கலாம். திண்ணையும் அப்படித்தான். கோடையில் திண்ணையில் அனல் அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் சாரல் அடிக்கும். இந்த இரண்டு மாதத்தில்தான் ஒன்பது மணி வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிற தாத்தாக்களைப் பார்க்க முடியும். சித்திரையில் எந்த வெயிலுக்குப் பயந்து ஒளிந்தார்களோ அதே வெயிலைத் தேடிவந்து உட்கார்ந்திருப்பார்கள்.

நம் ஊர்க் குளிர் எப்படி வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அது அவர்களுக்குப் பிடிக்கும். மழை மாதங்களில் வானம் மூடியே இருக்கும், பகலில் தரை வாங்கிய சூட்டை மேகம் வெளியே விடாது, அதனால் மழை ராத்திரி ஈரமாக இருக்குமே தவிரப் பெரிதாகக் குளிராது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும், மூடி இல்லாத தரை ராத்திரி முழுக்கச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல்லும் நெற்பயிரும் சுற்றியிருக்கும் காற்றைவிடச் சில்லிட்டுப் போகின்றன, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. நம் பக்கம் எங்கே பார்த்தாலும் நீர் நிற்கிற வயல், அதனால் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, தெளிந்த இரவுகளில் பனி அள்ளிக்கொட்டும். 'பனி பெய்தால் மழை இல்லை, பழம் இருந்தால் பூ இல்லை' என்று சொலவடை சொன்னவர்கள் இதைத்தான் பார்த்துச் சொன்னார்கள். எத்தனை கூர்மையான கவனிப்பு!

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். அதனால் நம் வீடுகளில் இந்தக் காலத்தில் அது ராத்திரி வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, பத்து மணி வெயிலில் திரும்ப உருகிவிடும். தலைக்கு எண்ணெய் வைக்க பாட்டிலை அடுப்போரம் நகர்த்தி வைப்பார்கள், இல்லையென்றால் வெயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். உங்கள் பிள்ளைகள் மைனஸ் 30-ஐ எண்ணாகப் பார்த்திருப்பார்கள், ஒரே நாளுக்குள் குளிர் வந்து போவதை இந்தப் பாட்டிலில் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் ஆறு. அதிகாலையில் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும், ஏனென்றால் தண்ணீர் சட்டென்று ஆறாது. கரையில் நிற்கும்போது நடுங்குகிற உடம்பு, முங்கி எழுந்ததும் தண்ணீரைவிட்டு வெளியே வர மாட்டேன் என்னும். குடமுருட்டியில் குளித்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, ஒன்றிரண்டு மட்டும். விடியுமுன் கோயிலில் கொடுக்கிற வெண்பொங்கல், மிளகு கடிபட, தொன்னை வழியாகச் சூடு கைக்கு ஏறும். அந்த நேரத்துப் பசிக்கும் அந்தச் சூட்டுக்கும் ஈடாக எந்த ஓட்டல் பொங்கலும் வராது என்பது என் தீர்மானமான கருத்து. திருவாதிரைக்குக் களியும், அவரை, மொச்சை, பறங்கி, வள்ளிக்கிழங்கு என்று அந்தப் பருவத்தில் விளைவதை எல்லாம் போட்டு வைக்கிற கூட்டும். தை பிறந்ததும் பனங்கிழங்கு. வேகவைத்து நார் உரித்து உப்பும் மிளகும் தொட்டு வெயிலில் உட்கார்ந்து தின்ன வேண்டும். உங்கள் பிள்ளைகள் நிச்சயம் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாக இருக்காது. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்றும் இதே ஊர்தான் சொல்கிறது. பனியும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் கதிர் வந்த பயிரில் குலைநோய் என்கிற பூஞ்சை நோய் பரவும், அந்த நாட்களில் விவசாயிக்குத் தூக்கம் இருக்காது. அறுப்பு மெஷின் பனி உலராமல் வயலில் இறங்க முடியாது, ஒன்பது பத்து மணி ஆகிவிடும். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், அரசு தளர்வு கொடுத்தால்தான் உண்டு. பகலெல்லாம் காயவைத்த நெல் ராத்திரிப் பனியில் திரும்ப ஈரம் இழுக்கும். குவியலைத் தார்ப்பாயால் மூடி, பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக் காவல் காக்கிறவர்களுக்கு இந்தக் குளிர் சுகமே இல்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. அந்த வருஷ மார்கழியைத் தார்ப்பாய்க்கு அடியில் கழித்த குடும்பங்கள் உண்டு. திரும்பிப் போக ஒரு கூரையும் போர்த்திக்கொள்ள உலர்ந்த துணியும் இருப்பவருக்குத்தான் குளிர் சுகம். அது எட்மண்டனிலும் அப்படித்தான் இருக்கும். இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள், அப்போதுதான் மார்கழியின் கடைசி விடியல்களும் பூசணிப்பூ வைத்த கோலங்களும் கிடைக்கும். நேர வித்தியாசத்தில் பிள்ளைகள் முதல் சில நாள் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு முழிப்பார்கள், திரும்பத் தூங்க வைக்கப் பாடுபடாதீர்கள், எழுப்பிக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுங்கள். இருட்டு நிறைய மிச்சம் இருக்கும், ஏனென்றால் மிக நீண்ட இரவு டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்தாலும் நம் பக்கம் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி பின்பாதியில். டீக்கடையில் பாய்லர் பக்கமாக நில்லுங்கள், பிள்ளைகளுக்குச் சுக்குக் காபி வாங்கிக் கொடுங்கள். கனமான ஜாக்கெட் எதுவும் வேண்டாம், ஒரு துண்டு போதும். நேரம் கிடைத்தால் ஒரு காலை வடுவூர் ஏரிக்குப் போய்வாருங்கள், வடக்கே குளிர் தாங்காமல் இறங்கிவந்த பறவைகள் அங்கே இருக்கும், கடுங்குளிர் நாட்டிலிருந்து வரும் உங்கள் பிள்ளைகளுக்கு அவை சொந்தக்காரர்கள்தானே. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு ஆறு வேகமாக மணலாகிவிடும், அதனால் ஆற்றுக்குளியலைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அப்புறம் அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவது பெரும்பாலும் கிடையாது, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இந்தப் பனியையும் குடித்தே காய்த்துவிடும். நீங்கள் வருகிற சமயம் சரியாக அந்தத் தெளிப்பு நேரம். வரப்பில் நின்று கேளுங்கள், பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு கை விதை கொடுக்கச் சொல்லி. நம் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்.