தந்தியை வளைக்கும் முன் சுரத்தைக் காதில் பிடியுங்கள்

கித்தார் கேள்வி-பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியே கேட்டிருந்தன. லீட் கித்தாரில் சோலோ எனும் தனிப்பகுதியை வாசிக்கும்போது, அழுத்திய தந்தியை ஃபிரெட்டின் (கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின்) மேலேயே பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும் பெண்டிங் உத்தியை எப்படிச் செம்மையாகக் கற்பது என்பதே அந்த விஷயம். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: காணொளிகளைப் பார்த்து எலெக்ட்ரிக் கித்தார் பழகி வருகிறேன். வேகமான பகுதிகளை ஓரளவு வாசித்துவிடுகிறேன். ஆனால் பெண்ட் செய்தால் மட்டும் சுருதி விலகுகிறது, மோதிர விரலும் வலிக்கிறது. எங்கே தவறுகிறேன்? (செங்காங் வாசகர்)

பதில்: இவை இரண்டு தனித்தனிக் குறைகள். ஒன்று காதைச் சேர்ந்தது, மற்றது கையைச் சேர்ந்தது. காதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஃபிரெட்டில் விரலை வைத்து மீட்டும்போது சுரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கருவியே முடிவு செய்துவிடுகிறது. பெண்ட் செய்யத் தொடங்கிய கணத்தில் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிவிடுகிறது. போய்ச் சேர வேண்டிய சுரம் மனத்துக்குள் முன்பே ஒலிக்காவிட்டால், விரல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் தந்தி ஏதோ ஓரிடத்தில் போய் நிற்குமே தவிர, சரியான இடத்தில் நிற்காது.

இதற்கு நான் மாணவர்களுக்குத் தரும் பயிற்சி ஒன்று உண்டு. கைப்பேசியில் தம்பூராச் செயலியையோ வீட்டில் இருக்கும் சுருதிப் பெட்டியையோ ஆறு கட்டையில், அதாவது கித்தாரின் ஏ சுரத்தில், ஒலிக்க விடுங்கள். மிக மெல்லிய தந்தியை முதலாவதாக எண்ணி, மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃபிரெட்டை மீட்டுங்கள். அது ஈ, ஆறு கட்டை சுருதிக்குப் பஞ்சமம். அதை வாய்விட்டுப் பாடுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, சுரம் சேர வேண்டும். பிறகு அதே தந்தியில் 7ஆம் ஃபிரெட்டில் இருக்கும் டி சுரத்தை, அதாவது மத்திமத்தை, மீட்டி, பாடிய பஞ்சமம் வரும் வரை தள்ளுங்கள். சேர்ந்ததா என்று பார்க்க, சுருதியைக் காட்டும் டியூனரை உடனே நாடாதீர்கள். இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டிலும் அதே ஈ இருக்கிறது. அதைக் கூடவே ஒலிக்க விட்டால், இரண்டும் விலகியிருக்கும்போது ஒலியில் ஓர் அலை எழும்பி விழும். நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகி, ஒன்று சேர்ந்ததும் அடங்கிவிடும். காது இதைப் பிடித்துக்கொண்ட பிறகு டியூனரில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இனிக் கை. தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவது. ஆகவே சுரத்தை ஒரு ஃபிரெட் அளவு உயர்த்த இழுவிசை ஏறத்தாழ 12 விழுக்காடும், இரண்டு ஃபிரெட் அளவு உயர்த்த ஏறத்தாழ 26 விழுக்காடும் கூட வேண்டும். அந்தப் பாரத்தை ஒற்றை மோதிர விரலின் நுனியிடம் ஒப்படைத்தால் வலிக்கத்தான் செய்யும். மோதிர விரல் 7ஆம் ஃபிரெட்டில் இருக்கும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே தந்தியில் அதற்குப் பின்னால் துணையாக நிற்க வேண்டும். கட்டைவிரல் கழுத்தின் மேல்விளிம்பைத் தாண்டி வரட்டும். ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி கழுத்தின் கீழ்விளிம்பில் பதியட்டும். அந்த இடத்தை ஊன்றிக்கொண்டு, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல முன்கையைத் திருப்பினால், தந்தி தானாக நகரும். விரல்கள் மடங்கி நீளக் கூடாது. அவை வெறும் கொக்கிகள், வேலை முழுவதும் முன்கையுடையது.

முதல் மூன்று தந்திகளை மேல்நோக்கித் தள்ளுவதும், கனமான தந்திகளைக் கீழ்நோக்கி இழுப்பதும் பொதுவான வழக்கம். முதல் தந்தியைக் கீழே இழுத்தால் அது விளிம்பிலிருந்து நழுவிவிடும். விரல் வலி இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தாலோ மணிக்கட்டுக்கு ஏறினாலோ ஓய்வு கொடுங்கள். தோல் காய்த்துப்போவது இயல்பு. மூட்டு வலி இயல்பு அன்று.

கேள்வி: சிறுவயதில் ஆறு ஆண்டுகள் வீணை கற்றேன். இப்போது மகனுடன் சேர்ந்து கித்தார் பழகுகிறேன். வீணையின் கமகப் பயிற்சி இங்கே உதவுமா, தடையாக இருக்குமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: மிகவும் உதவும், அம்மா. மற்றவர்கள் மாதக்கணக்கில் தேடும் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீணையின் ஃபிரெட்டான மெட்டில் விரலை நகர்த்தாமல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல்சுரத்தைப் பிடிப்பதை நம் கமக மரபு ஒதுக்கல் என்று வகைப்படுத்தியிருக்கிறது. சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் விளக்கப்படும் கமகங்களில் அதுவும் ஒன்று. கித்தார்க்காரர்கள் பெண்ட் என்று செய்வது அடிப்படையில் அதே செயல்தான். ராக் வாசிப்பில் அதிகம் புழங்கும் மைனர் பென்டடோனிக் சுரவரிசையும் உங்களுக்குத் தெரிந்த சுத்த தன்யாசியின் சுரங்களே. ஆகவே மேலே செங்காங் வாசகருக்குச் சொன்ன பெண்ட் உங்களுக்கு மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும் ஒதுக்கலாகவே கேட்கும்.

ஆனால் இரண்டு இடங்களில் கையை மாற்றிக்கொள்ள வேண்டும். வீணையின் மெட்டுகள் உயரமானவை. தந்திக்கும் தண்டிக்கும் இடையே இடைவெளி அதிகம். பிரதான தந்தியைப் பல சுரங்கள் தூரம் இழுக்கவும் இடம் உண்டு. கித்தாரில் தந்தி ஃபிரெட்போர்டுக்கு மிக அருகில் இருப்பதால், விரல் நுனி பக்கத்துத் தந்திகளின் மேல் ஏறிவிடும். அவை ஒலிக்காமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை. இரண்டாவது, சுரம் நிற்கும் விதம். கர்நாடக இசையில் கம்பிதம் எனும் கமகம் சுரத்தை அசைத்துக்கொண்டே இருக்கும்; அந்த அசைவில்தான் ராகத்தின் முகம் தெரியும். புளூஸ், ராக் வழியில் பெண்ட் மேல்சுரத்துக்குப் போய் முதலில் அசையாமல் அமர்கிறது, அதன் பிறகுதான் அசைகிறது. வீணைக் கை பழக்கத்தால் உடனே அசைக்கத் தொடங்கும். சற்றுப் பொறுத்திருக்கப் பழக்குங்கள். மேற்கத்தியக் கருவியில் நம் கமகங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கேட்க விரும்பினால், மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸின் பதிவுகளைக் கேளுங்கள். இரட்டைத் தந்திகளை விட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினை அவர் வாசித்தது இதற்காகவே.

கேள்வி: பள்ளியில் கித்தார்க் குழுவை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறேன். அந்த நைலான் தந்திக் கித்தாரில் எவ்வளவு தள்ளினாலும் சுரம் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன்? (தெம்பனிஸ் மாணவி)

பதில்: குறை உங்கள் கையில் இல்லை. எஃகு விறைப்பானது, சிறிது நீண்டாலே அதன் இழுவிசை வெகுவாக ஏறிவிடும். நைலான் நெகிழ்வானது, அதே அளவு நீண்டாலும் இழுவிசை கொஞ்சமே ஏறும். அதனால்தான் கிளாசிக்கல் கித்தாரில் விரலைத் தந்தியின் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆட்டி, சுரத்தை அசைக்கும் வைப்ராட்டோவைக் கொடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பெண்டிங்கை எஃகுத் தந்திக் கருவி கிடைக்கும்போது பழகலாம்.

கேள்வி: என் கித்தாரில் 12ஆம் ஃபிரெட்டுக்கு மேல் பெண்ட் செய்தால் ஒலி திடீரென்று அறுந்துபோகிறது. வேறு ஒரு தொல்லை, தந்தி திரும்பி வந்த பிறகு சுருதி குறைந்திருக்கிறது. கடைக்குக் கொண்டுபோக வேண்டுமா? எந்தத் தடிமனில் தந்தி பூட்டலாம்? (ஈசூன் வாசகர்)

பதில்: ஃபிரெட்போர்டு தட்டையானது அன்று, குறுக்குவாட்டில் லேசாக வளைந்தது. பழைய ஃபெண்டர் வகைகளில் அந்த வளைவின் ஆரம் 7.25 அங்குலம், பல கிப்சன் கித்தார்களில் 12 அங்குலம். ஆரம் குறையக் குறைய வளைவு கூடும். ஓரத்துத் தந்தியை நடுமேட்டை நோக்கித் தள்ளும்போது, தந்தி தாழ்வாக இருந்தால், முன்னால் உள்ள ஏதோ ஒரு ஃபிரெட்டில் உரசி ஒலி செத்துவிடும். கித்தாரின் உடலில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜில் அதைச் சற்று உயர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் நீங்காவிட்டால், ஒரு ஃபிரெட் மட்டும் தூக்கி நிற்கக்கூடும். சிங்கப்பூரின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பகுதியில் கித்தார் பழுதுபார்ப்பவர்களிடம் காட்டுங்கள்.

சுருதி குறைவதற்குப் பெரும்பாலும், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டுதான் காரணம். அங்குள்ள பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொள்வதால், பெண்டில் நழுவி வந்த பகுதி திரும்பிப் போவதில்லை. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். தந்தி புதிது என்றால், பூட்டியவுடன் ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்து நீட்டிவிட்டு மீண்டும் சுருதி சேருங்கள். நம் ஊரின் ஈரப்பதத்தில் வியர்வை பட்ட எஃகுத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தியை ஃபிரெட்டின் மேல் இழுப்பது அரத்தால் ராவுவதற்குச் சமம். வாசித்து முடித்ததும் துணியால் துடைக்கும் பழக்கம் தந்தியையும் ஃபிரெட்டையும் காப்பாற்றும்.

தந்தியின் தடிமனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தொடக்கத்தில் முதல் தந்தி 0.009 அங்குலமுள்ள தொகுப்பே போதும். மெல்லிய தந்தி என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அதில் பொருளில்லை. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி நீளம் 648 மில்லிமீட்டர் உள்ள கித்தாரைவிட 628 மில்லிமீட்டர் உள்ளதில் அதே தந்தி, அதே சுருதியில், ஏறத்தாழ 6 விழுக்காடு தளர்ந்திருக்கும் என்பதையும் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

கேள்வி: சுருதி சேர்கிறது, கையும் பழகிவிட்டது. ஆனாலும் என் சோலோ பாடம் ஒப்பிப்பதுபோலவே இருக்கிறது. உணர்ச்சி எங்கிருந்து வரும்? (பிடோக் வாசகர்)

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நீங்கள் எல்லாப் பெண்டுகளையும் ஒரே வேகத்தில், ஒரே தூரம் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாடகர் ஒவ்வொரு சுரத்தையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. சிலவற்றை எட்டிப் பிடிக்கிறார், சிலவற்றை நோக்கி ஏங்கி நகர்கிறார், சிலவற்றிலிருந்து மனமில்லாமல் இறங்குகிறார். கித்தாரில் அந்த வேறுபாடு முழுவதும், சுரம் கிளம்பிய இடத்துக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் நடுவிலுள்ள நேரத்தில்தான் இருக்கிறது.

ஏ மைனர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஒலிக்க, நான்கு தாளச் சுற்றுகள் கொண்ட ஒரு சிறு வரியை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றின் தொடக்கத்தில் மூன்றாம் தந்தி 7ஆம் ஃபிரெட்டை மீட்டி, ஒரு முழுத் தட்டு நேரம் எடுத்துக்கொண்டு ஈ சுரத்துக்கு ஏறுங்கள். அங்கே அசையாமல் நில்லுங்கள். இரண்டாம் சுற்றின் நடுவில்தான் வைப்ராட்டோவைத் தொடங்க வேண்டும். பெண்டின் மேல் வரும் வைப்ராட்டோ, பிடித்த சுரத்திலிருந்து சற்றே இறங்கி மீண்டும் அதற்கே திரும்ப வேண்டும். அதைத் தாண்டி மேலே போனால் சுருதி கூடியதாகக் கேட்கும். மூன்றாம் சுற்றில் தந்தியை மெல்லத் தளர்த்தி டி சுரத்துக்கு வந்து, 5ஆம் ஃபிரெட்டின் சி சுரத்தைத் தொட்டு, நான்காம் தந்தி 7ஆம் ஃபிரெட்டின் ஏ சுரத்தில் முடியுங்கள். கடைசிச் சுற்று முழுவதும் மௌனம். அதன் பிறகு இதே வரியை, மீட்டுவதற்கு முன்பே சத்தமின்றித் தந்தியை ஈ வரை தள்ளி வைத்துக்கொண்டு, அங்கே மீட்டி, இறக்கத்தோடு தொடங்குங்கள். சுரங்கள் ஒன்றும் மாறவில்லை. ஆனால் முதலாவது கேள்வி கேட்பதாகவும், இரண்டாவது பெருமூச்சு விடுவதாகவும் ஒலிக்கும். இந்த வேறுபாட்டைக் கைக்குள் கொண்டுவர ஒரு மாதம் செலவானாலும் தகும்.

மிகச் சிறிய பெண்டுகளையும் மறக்காதீர்கள். ஏ7 கார்டின் மேல், மூன்றாம் தந்தி 5ஆம் ஃபிரெட்டின் சி சுரத்தை ஆள்காட்டி விரலால் ஓர் இழை மட்டும் உயர்த்தினால், அது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். புளூஸின் வலி முழுவதும் அந்த இடத்தில் குடியிருக்கிறது.

கேட்பதற்குப் புளூஸ் கித்தார்க் கலைஞர் இருவரைப் பரிந்துரைக்கிறேன். பி. பி. கிங், தம் உறவினர் புக்கா வைட்டின் ஸ்லைடு வாசிப்பில் (தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பதில்) கேட்ட ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்றே தம் வைப்ராட்டோவை அடைந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆல்பர்ட் கிங் இடக்கைக்காரர். வலக்கைக் கித்தாரைத் தந்தி மாற்றாமல் தலைகீழாகப் பிடித்து வாசித்ததால், மெல்லிய தந்திகளைக் கீழ்நோக்கி இழுத்தார். அந்த இழுப்பின் வலு ஒவ்வொரு சுரத்திலும் கேட்கும். இருவருமே குறைவான சுரங்களை வாசித்தவர்கள். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு பெண்டும் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் பழகினால் போதுமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: விரல் வலுவுக்கும் சுருதிக்கும் போதும், தூய்மைக்குப் போதாது. பெண்ட் செய்து இறங்கும்போது பக்கத்துத் தந்திகள் எழுப்பும் இரைச்சல் ஆம்ப் இல்லாத கித்தாரில் காதுக்கே எட்டாது. ஆம்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைச் சற்று வைத்தவுடன் முழுவதும் வெளிப்பட்டுவிடும். எனவே கித்தாரில் நேரடியாகச் செருகும் சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாருக்கும் தொல்லை இருக்காது. தள்ளும் விரலின் நுனி மேல்தந்தியைத் தொட்டு அடக்க, ஆள்காட்டி விரல் கீழ்த்தந்திகளின் மேல் தளர்ந்து படிய, பிக் பிடித்த கையின் விளிம்பு கனமான தந்திகளில் பட்டிருக்க வேண்டும். ஹெட்ஃபோனில் பெண்டைத் தவிர வேறொன்றும் கேட்காத வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.