வார்த்தைய மாத்திட்டா நம்ம எழுத்தாயிடுமா?

கேள்வி: அம்மா, நான் எம்.ஏ. ஹிஸ்டரி ரெண்டாவது வருஷம். ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்தான். டெல்டாவுல குடிமராமத்து (ஊராரே கூடி வாய்க்கால், ஏரியெல்லாம் பராமரிக்கறது) பத்தி டிசர்டேஷன் எழுதினேன். சாஃப்ட்வேர்ல போட்டு பாத்துட்டு மத்தவங்க எழுதினதோட 38 சதவீதம் ஒத்துப்போகுதுன்னு கைடு திருப்பிக் கொடுத்துட்டார். நான் எதையும் அப்படியே காப்பி அடிக்கலம்மா, அங்கங்க வார்த்தைய மாத்திதான் எழுதினேன், கொஞ்சம் இங்கிலீஷ் புக்லேர்ந்து தமிழாக்கி போட்டேன், கடைசியில புக் லிஸ்ட்டும் கொடுத்திருக்கேன். திருடின்னு சொன்ன மாதிரி இருக்கு, ரெண்டு நாளா சோறு இறங்கல. ஒரு ஆப்ல போட்டா அதுவே வார்த்தைய மாத்தி சதவீதத்த குறைச்சுடும்னு ஃப்ரெண்ட் சொல்றா. எங்க தாத்தா சொன்னதும் நிறைய எழுதியிருக்கேன், அதுக்கும் சோர்ஸ் போடணுமா? (பேர் வேண்டாம்)

பதில்: மொதல்ல சாப்பிடு கண்ணு. 38ங்கறதுக்காக உன்னை யாரும் திருடின்னு சொல்லிட முடியாது. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல கொண்டுவந்த விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் தண்டனையே கிடையாது, 10க்கு மேல 40 வரைக்கும்னா திருத்தி எழுதிக் கொடுக்கச் சொல்வாங்க, அதுக்கு அதிகபட்சம் 6 மாசம் டைம். 40 தாண்டினாதான் ஒரு வருஷத்துக்கு திருத்தினத கூட கொடுக்க முடியாது, 60 தாண்டினா ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும். நீ திருத்திக்கற இடத்துலதான் நிக்கற. இன்னொண்ணு, மேற்கோள் குறிக்குள்ள போட்டு யார் சொன்னதுன்னு எழுதினது, நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை இதையெல்லாம் கழிச்சுட்டுதான் கணக்கு பாக்கணும்னு அதே விதி சொல்லுது. அதனால ரிப்போர்ட்ட முழுசா வாங்கி, எந்தெந்த வரிக்கு கலர் போட்டிருக்குன்னு கைடு பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா பாரு. சாதாரண அசைன்மென்ட், டெர்ம் பேப்பரெல்லாம் இந்த தண்டனைக் கணக்குல வராது, காலேஜ்தான் பாத்துக்கும், ஆனா இந்த வார்த்தை மாத்தற பழக்கமே அந்த அசைன்மென்ட்லதான் நம்ம பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குது, யாரும் உக்கார வச்சு சொல்லிக் கொடுக்கறதில்ல, அதுல எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு.

சரி, அந்த "வார்த்தைய மாத்திதான் எழுதினேன்"ங்கற இடத்துக்கு வர்றேன். ஒரு புக்ல இப்படி இருக்குன்னு வச்சுக்க (நானே எழுதின வரிதான்): "கோடை முடியுமுன் ஊரார் ஒன்றுகூடி வாய்க்காலைத் தூர்வாரியதால் கடைமடைக்குத் தண்ணீர் தடையின்றிப் போனது." நீ அதை "வெயில் காலம் முடியறதுக்குள்ள கிராமத்தார் சேர்ந்து கால்வாயைச் சுத்தம் செய்ததால் கடைசி வயலுக்கும் நீர் தங்குதடையின்றிச் சென்றது"ன்னு எழுதினா என்ன ஆச்சு? வார்த்தை மாறியிருக்கு, ஆனா வாக்கியத்தோட எலும்புக்கூடு அவரோடது, காரணம் காட்டின விதம் அவரோடது, அவர் பேரு மட்டும் காணாம போச்சு. இதுவும் எடுத்ததுதான்மா. புக்க மூடி வச்சுட்டு, அவர் என்ன சொல்ல வர்றாருன்னு பக்கத்துல இருக்கற உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி எழுதிப் பாரு. "தூர்வார்ற வேலை ஊர்கிட்ட இருந்த வரைக்கும் கடைமடை காயலைங்கறது இன்னாரோட வாதம்"னு எழுதி அடிக்குறிப்புல பேரு, புக்கு, வருஷம், பக்கம் போடு, அதுக்கு அடுத்த வரியில "ஆனா எங்க ஊர்ல நான் பேசின பெரியவர் சொல்றது வேற"ன்னு உன் பேச்ச ஆரம்பி. அப்பதான் அவர் எங்க முடிச்சாரு நீ எங்க ஆரம்பிச்சன்னு படிக்கறவருக்கு தெரியும். பேரு போட்டா நம்ம சொந்த உழைப்பு கம்மியா தெரியும்னு பயப்படறீங்க எல்லாரும், உண்மையில பேரு போடாதப்பதான் உன்னோடது எதுன்னு யாருக்கும் தெரியாம போகுது.

கடைசியில புக் லிஸ்ட் இருந்தா மட்டும் பத்தாது. நம்ம வீட்டு விசேஷத்துல மொய் நோட்டு எப்படி எழுதறோம்? பேரு, ஊரு, தொகைன்னு ஒவ்வொண்ணா. மொத்தமா "சொந்தக்காரங்க கொடுத்தது"ன்னு ஒரே வரியில எழுதி வச்சா நாளைக்கு யாருக்கு என்ன திருப்பிச் செய்யறதுன்னு எப்படி தெரியும்? அதனால எடுத்த இடத்துலயே குறிக்கணும். கும்பகோணம் காலேஜ்ல தமிழ் சொல்லிக் கொடுத்துக்கிட்டே 1887ல சீவக சிந்தாமணிய பதிப்பிச்சாரே உ.வே.சா., தன் பதிப்புகள்ல ஏடு கொடுத்தவங்க பேரையும் ஊரையும் முகவுரையில எழுதி வச்சாரு, ஏட்டுக்கு ஏடு பாடம் (மூல வரியோட வாசகம்) மாறி வர்ற இடத்துல அதையும் அடிக்குறிப்புல காட்டினாரு. அவர் எதை வச்சு அந்த பாடத்த எடுத்தாருங்கறத இன்னிக்கும் நாம சரிபார்க்க முடியறது அதனாலதான்.

எல்லாத்துக்கும் குறிப்பு வேணுமான்னு கேப்ப. மேட்டூர் அணை 1934லேர்ந்து இருக்கு, கல்லணைய கரிகாலன் கட்டினான்னு சொல்றது, இதுக்கெல்லாம் வேண்டாம், ஊரறிஞ்ச விஷயம். ஆனா கல்லணையோட காலத்த பத்தி ஒருத்தர் வாதம் பண்றத எடுத்தா வேணும், ஒரு வருஷத்துல இத்தன ஏக்கர் காஞ்சுதுன்னு நம்பர் போட்டா கண்டிப்பா வேணும்.

தமிழாக்கினது பத்தி சொன்னியே, சாஃப்ட்வேர் அதை பிடிக்காம விட்டிருக்கலாம், ஆனாலும் அது அடுத்தவரோட சிந்தனைதான். "தமிழாக்கம் என்னுடையது"ன்னு போட்டு மூலத்த சொல்லிட்டா அதுவே உனக்கு பெருமை. இன்னொண்ணும் கவனி: எஃப்.ஆர். ஹெமிங்வே எழுதின 1906 தஞ்சாவூர் கெசட்டியர்லேர்ந்து (மாவட்டத்த பத்தின அரசாங்க விவர நூல்) ஒரு வரிய நீ வேற ஒருத்தரோட தீசிஸ்ல பாத்து எடுத்திருந்தா, கெசட்டியரையே படிச்ச மாதிரி போடாத. ஒண்ணு லைப்ரரியில மூலத்த தேடிப் பிடி, இல்லன்னா "இன்னார் நூலில் மேற்கோள் காட்டியபடி"ன்னு எழுது. விக்கிப்பீடியாவும் அப்படித்தான், கதவு மாதிரி வச்சுக்க, உள்ள போயி மூலத்த பாரு. சாட்ஜிபிடி கொடுக்கற புக்கு பேரையெல்லாம் நம்பி அடிக்குறிப்புல போட்டுடாத, இல்லாத புக்க இருக்கற மாதிரியே பக்கத்தோட சொல்லும், கையில எடுத்து பாக்காத எதையும் சேர்க்காத.

அந்த ஆப் வேண்டவே வேண்டாம் கண்ணு. சதவீதம் குறையும், எடுத்தது எடுத்ததாவே இருக்கும், மறைக்கணும்னு தெரிஞ்சே பண்ணதாவும் ஆயிடும். இப்ப உன் தப்பு தெரியாம பண்ணது, கைடுகிட்ட போயி அதை அப்படியே சொல்லலாம். ஆப்ல போட்டுட்டா அதை சொல்ல முடியாது.

திருத்தறப்ப புதுசா ஒரு நோட்டு போடு. இடது பக்கம் அவங்க சொன்னது, வலது பக்கம் உனக்கு தோணினது. அப்படியே எழுதி எடுத்ததுன்னா அந்த நிமிஷமே மேற்கோள் குறி, பேரு, பக்க எண். அப்புறம் போட்டுக்கலாம்னு நெனைக்காத. நான் படிக்கற காலத்துல சரஸ்வதி மகால் லைப்ரரியில ஒரு வரி எழுதி எடுத்துட்டு பக்க எண் போடாம வந்துட்டேன், ஆறு மாசம் கழிச்சு ரெண்டு நாள் தஞ்சாவூர் போயி தேடியும் கிடைக்கல, அந்த வரிய நம்பி எழுதின ஒரு பத்தியவே அடிச்சுட்டேன், இன்னும் மனசுல இருக்கு அந்த பத்தி. அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் எழுதற ஸ்டைல் ஏபிஏவா எம்எல்ஏவா சிகாகோவாங்கறத உங்க டிபார்ட்மென்ட்ல கேட்டுக்க, எதுவானாலும் ஒண்ணையே கடைசி வரைக்கும் பிடி.

கடைசியா உங்க தாத்தா. நீ இதை ஒரு ஓரமா கேட்டிருக்க, எனக்கு உன் லெட்டர்லயே பெரிய விஷயம் இதுதான்னு படுது. ஆமா, அவருக்கும் சோர்ஸ் போடணும். பேரு, ஊரு, பேசின தேதி, நேர்காணல் எடுத்தது நீன்னு, புக்க எழுதினவருக்கு போடற அதே மரியாதையோட. கடைமடையில தண்ணிக்கு காத்துக் கிடந்த மனுஷன் சொல்றது எந்த சாஃப்ட்வேர்லயும் ஒத்துப்போகாது, ஏன்னா அதை இதுக்கு முன்னாடி யாரும் எழுதல. மத்தவங்க பேரெல்லாம் ஒழுங்கா போட்ட பக்கத்துல அவர் பேச்சும் வந்தா உன் டிசர்டேஷனோட கனமே வேற. இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு போ, ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமா, பேர போட்டுக்கட்டுமான்னு கேட்டுட்டு மொபைல ஆன் பண்ணு. அவர் சொல்ற வாய்க்கால், மதகு பேரையெல்லாம் அவர் வாயால ரெண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்க.