சுக்கானிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டுகிறது, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டி அடைத்தால் போதுமா?

பாய்மரப் படகைக் கரையேற்றியதும் சுக்கானின் அடியில் பழுப்பாகச் சொட்டுகிறது, காசிமேட்டில் ஃபைபர் வேலை செய்பவரிடம் கொடுத்து அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடைக்காதீர்கள். தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்து, சுக்கானைத் திருப்பும் ஸ்டீல் தண்டு அதன் ஃபைபர் பலகைக்குள் இறங்கும் இடத்தில்தான் புகும். வெயிலில் ஸ்டீலும் ஃபைபரும் ஒரே அளவு விரியாது, சுற்றிலும் மயிரிழை விரிசல் விழும். அடியை அடைத்தால் புகுந்த தண்ணீர் உள்ளேயே கிடக்கும்.

பழுப்பு நிறம்தான் கவலை. பலகைக்குள் தண்டோடு வெல்டு செய்த ஸ்டீல் பட்டைகள் அரித்திருக்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே என்று அலட்சியம் வேண்டாம். காற்றுப்படாமல் தேங்கிய உப்புத் தண்ணீரில் அதுவும் குழிகுழியாக அரிக்கும், அதிலும் வெல்டு ஓரத்தில். வெளியே புதுசு மாதிரியே இருக்கும். வெல்டு விட்டுப்போனால் தண்டு மட்டும் சுற்றும், பலகை திரும்பாது.

ஆகவே ஒரு பக்கத்தைத் திறந்தே ஆக வேண்டும். விளிம்பிலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளி, 4 அங்குல கிரைண்டரால் ஃபைபர் தோலை மட்டும் வெட்டுங்கள். பலகைக்குள் நிரப்பியிருக்கும் ஊறிய ஃபோமைச் சுரண்டிவிட்டு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள்; உப்பு மிச்சமிருந்தால் ராயபுரத்துக் கடல்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுக்கானைத் தினமும் எடை போடுங்கள், எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பட்டை அரித்திருந்தால் மாற்றி, 316எல் ரக ஸ்டெயின்லெஸ் கம்பியில் டிக் (TIG) வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். தண்டிலேயே குழி விழுந்திருந்தால் புதுத் தண்டுதான்.

நிரப்ப, இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் ஃபோம். கதவுச் சட்டத்துக்கு அடிக்கும் ஸ்பிரே ஃபோம் காற்றின் ஈரத்தில் இறுகுவது. மூடிய பள்ளத்துக்குள் நடுவில் பச்சையாகவே நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், பொங்கி இறுகும்போது சூடாகும்.

மேலே மூட எபாக்சி ரெசின்தான். பட்டறையில் வழக்கமாக வைத்திருக்கும் பாலியெஸ்டர் ரெசின் பழைய ஃபைபர்மேல் அவ்வளவு இறுகப் பிடிக்காது. வெட்டு ஓரத்தை 12-க்கு 1 சரிவாகத் தேயுங்கள், அதாவது 4 மி.மீ. தோலுக்குச் சுமார் 50 மி.மீ. சாதா மேட்டின் பசை பாலியெஸ்டரில் கரையும், எபாக்சியில் கரையாது. நெய்த துணியே போடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்லோ ஹார்டனர் (எபாக்சியை மெதுவாக இறுக வைப்பது) வாங்கி, 200 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காமல், அகலத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இறுகியபின் மேலே மெழுகு மாதிரிப் பிசுபிசுப்பு வரும், புழுக்கத்தில் கூடுதலாகவே. அதைத் தண்ணீர் விட்டு ஸ்கிரப்பரால் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு உரியும்.

கடைசியாகத் தண்டைச் சுற்றி 6 மி.மீ. பள்ளம் வெட்டி, பாலியூரித்தேன் சீலன்ட்டால் நிரப்புங்கள். சிலிக்கான் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்கூட ஒட்டாது.