டீமில் உள்ளவர்களோடு உறவு நன்றாக இருந்தால் வேலையில் ஈடுபாடும் புது யோசனையும் கூடுமா?

கூடும். ஆனால் எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்களா என்று பார்த்து அதை அளக்காதீர்கள். கண்ணில் பட்ட குறையை சீனியரிடம் சொல்ல முடிகிறதா, அதைப் பாருங்கள்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) லைனில் இருக்கிறேன். ஒரு டிரெய்னி பையன், பாகத்தைத் திருப்பி மாட்டினாலும் பிக்சரில் (பாகத்தைப் பிடித்து வைக்கும் அமைப்பு) அது அப்படியே உட்கார்ந்துவிடுவதைக் கவனித்தான். சூப்பர்வைசரிடம் போகவில்லை, டீ டைமில் பக்கத்து மெஷின்காரரிடம் "அண்ணே, தப்பா மாட்டினாலும் ஏத்துக்குதுண்ணே" என்றான். "வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள..." என்று வாயை அடைக்காமல், "வா, காட்டு" என்று அவர் கூடவே போனார். டூல் ரூமில் சொல்லி அந்த இடத்தில் ஒரு பின் வைத்தார்கள், இப்போது திருப்பி வைத்தால் உட்காரவே உட்காராது. கைசன் படிவத்தில் (வேலையை மேம்படுத்தும் யோசனையை எழுதித் தரும் தாள்) பையன் பெயரைத்தான் அண்ணன் முதலில் எழுதினார். அப்புறம் அந்தப் பையன் சும்மா இருப்பானா?

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நல்ல டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, கணக்கில் அங்கேதான் அதிகம் கிடைத்தது. அங்கே மறைக்காமல் சொன்னார்கள், அதனால் கணக்கில் ஏறியது என்பது அவர் கண்ட விளக்கம்.

நெருக்கம் எதிர்ப்பக்கமும் இழுக்கும். சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931-32-ல் 14 தொழிலாளர்களைக் கவனித்தார்கள். தங்களுக்குள் ஒரு நாள் அளவு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டி வேலை செய்தவரைக் கேலி செய்தே அடக்கினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நிறைய செய்தால் கூலி ரேட்டைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம் இருக்கிற இடத்தில் ஒற்றுமை தற்காப்பாகத்தான் மாறும்.

ஈடுபாடு தெரிவது ஷிப்ட் மாறும்போது. உறவு நன்றாக இருக்கும் லைனில், போகிறவர் "இன்சர்ட் தேய்ஞ்சிருக்கு, சைஸ் ஏறுது, ஆப்செட் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார் (வெட்டும் முனை தேய்ந்துவிட்டது, மெஷினில் அளவைத் திருத்திக்கொள் என்று அர்த்தம்). கசந்துபோன லைனில் லாக் புக்கில் 'ஓகே' என்று மட்டும் இருக்கும், அடுத்த ஷிப்டின் முதல் சில பாகங்கள் ரிஜெக்ட்டில் போகும்.

இன்னொன்று, டீம் என்றால் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துத்தான். பல இடங்களில் கைசன் படிவத்தில் அவர்கள் பெயரைப் போடவே மாட்டார்கள். அவர்களும் அதே மெஷினைத்தான் ஓட்டுகிறார்கள், அதே குறை அவர்கள் கண்ணிலும் படுகிறது.