வாசகர் கேள்வி: ஊரா, தங்கையா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் தங்கைக்கு வயது 17. தை மாதமே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்கிறார்கள் பங்காளிகள். மறுத்தால் மாரியம்மன் கோயில் வரி வாங்க மாட்டோம் என்று மிரட்டல் வேறு. ஊரைப் பகைத்துக்கொண்டு இருக்க முடியுமா?
- பெயர் வேண்டாம், பென்னாகரம்

பதில்: தங்கை பக்கம் நில்லுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பவர்களுக்கு, முன்னின்று நடத்தும் பங்காளிகள் உட்பட, 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதை முதலில் நயமாகச் சொல்லிப் பாருங்கள், கேட்கவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். சரி, வரி? உங்கள் பயமே அங்கேதான் இருக்கிறது. திருவிழாவில் ஒதுக்குவார்கள், நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. ஆனால் ஊர் ஒரே வாயால் பேசுவதில்லை. பேத்தியைத் தருமபுரிக்குக் காலேஜ் பஸ்ஸில் அனுப்பும் பெரியவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார் (வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்). அவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே, தங்கை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.