பரிகாரம் செய்யுமுன் சாமியிடம் உத்தரவு கேட்டால் போதுமா?

‘ஜோசியர் பரிகாரம் சொல்லிவிட்டார். கோயிலில் உத்தரவு கேட்டு, சாமி காட்டும் வழி என்று நம்பிச் செய்துவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே செய்து பார்த்த குடும்பம் எங்களுடையது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 1979இல் பிறந்தவள் நான். இருபத்தேழு வயதாகியும் வரன் அமையவில்லை. ஈப்போவில் ஒரு ஜோசியர் கணினியில் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்து, லக்னத்துக்கு (பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசிக்கு) ஏழாம் ராசியில் செவ்வாய், கடும் தோஷம் என்றார். ஹோமத்துக்கு 2,800 வெள்ளி (ரிங்கிட்). விடிவதற்குள் எழுந்து மரம் சீவி எங்களை வளர்த்த அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அம்மா உடனே தலையாட்டவில்லை. மாரியம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலைத் துண்டில் மடித்து, வித்தியாசம் தெரியாமல் நாரால் கட்டினார். வெள்ளை வந்தால் செய்வது, சிவப்பு வந்தால் விடுவது. பூசாரியின் ஐந்து வயதுப் பேத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். வெள்ளை. மறுநாள் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

ஹோமம் முடிந்தும் ஒன்றும் நகரவில்லை. இரண்டு வருடம் கழித்து, பஞ்சாங்கம் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர் என் ஜாதகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இங்கே 1981 முடியும்வரை கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் ஓடியது. (ஆமாம், ஊருக்கே ஏழரை!) 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி. ஜோசியரின் கணினி என் பிறப்புக்கும் எட்டு என்றே கணக்குப் போட்டிருந்தது. ஒரு ராசி உதித்து முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அரை மணி பிசகினால் கால் ராசி போயிற்று. என் லக்னம் விளிம்பில் நின்றதால் அடுத்த ராசிக்கே மாறி, செவ்வாய் ஆறுக்கு வந்துவிட்டார். ஆறில் தோஷமே கிடையாது.

“அப்படியானால் ஆத்தா பொய் சொன்னாளா?” என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: “ஹோமம் செய்யலாமா என்றுதானே கேட்டேன். அந்த ஆள் போட்ட கணக்கு சரியா என்று நான் கேட்கவே இல்லையே.”

இதைவிட நல்ல பதிலை நான் இன்றுவரை கேட்டதில்லை. சம்பந்தர் மதுரைக்குக் கிளம்பியபோது நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தார். சம்பந்தர் கோளறு பதிகம் பதினொரு பாடலையும் பாடிவிட்டுப் புறப்பட்டார். ஹோமத்துக்கு ஆள் தேடவில்லை. அந்த அளவு நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டீர்கள். எனக்கும் இல்லை.

அதனால் பூக்கட்டும் முன் ஜோசியரிடமே கேளுங்கள். 1982க்கு முன் இங்கே பிறந்தவரென்றால், எந்த மணிக் கணக்கில் ஜாதகம் போட்டார்? சனிப்பெயர்ச்சிப் பரிகாரமென்றால், எந்தப் பஞ்சாங்கம், திருக்கணிதமா வாக்கியமா? சனி மீனத்துக்குப் போவது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. இதற்கே அவர் எரிச்சல்பட்டால், அம்மனைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியமே வராது.